கருவுக்கு ஏது ஓய்வு

எங்கள் வீட்டில் தற்சமயம் இரண்டு கருக்கள் வளர்கின்றன. ஒன்று மகளின் வயிற்றில் இருப்பது. குடும்ப சுகாதார மிஸ் வந்து பார்த்து, அட்டை எழுதி, நிறை பார்த்து, திரிபோஷ பக்கெட் கொடுத்து, கிளினிக் திகதி சொல்லி, அரசாங்க மரியாதையோடு வளரும் கரு. மற்றது நான். என்னைப் பதிய மிஸ் மறுத்துவிட்டார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இடுப்புச் சுற்றளவு கர்ப்பிணியின் கணக்கில் வருகிறதே தவிர கருவின் கணக்கில் வரவில்லை என்பது அவர் கட்சி.

தபால் கந்தோரில் முத்திரை குத்தியே முதுகு வளைந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றால் ஓய்வு கிடைக்கும் என்று நம்பிய அப்பாவித் தலைமுறை. பென்ஷன் வந்த மாதத்திலிருந்து வீட்டில் எனக்குக் கிடைத்த புதிய பதவிகள்: தேங்காய் துருவுபவர், தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுப்பவர், மிளகு காயப்போட்டால் மழை வருகிறதா என்று வானம் பார்ப்பவர். ஹுன்னஸ்கிரியவில் இந்தக் கடைசி வேலை மட்டுமே முழுநேர உத்தியோகம். வெயில் வந்துவிட்டதே என்று பாயை விரிப்பதற்குள் மலையிலிருந்து பனி இறங்கி மிளகைக் காணாமல் அடித்துவிடும்.

ஒளிந்துகொள்ள இடம் தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் பக்கம் ஒளிய நினைப்பவனுக்கு ராசியில்லாத பக்கம். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வந்து பதுங்கியது இங்கே கிட்டத்தில், மெதமகாநுவரப் பகுதியில்தான். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடித்துவிட்டார்கள். ராஜாவுக்கே அந்தக் கதியென்றால் ஓய்வுபெற்ற தபால்காரனுக்கு என்ன கதி? மண்ணுக்கு மேலே ஒளிய இடமில்லை என்று தெரிந்தபிறகுதான், ஒரு காலத்தில் யாரும் என்னைக் கூப்பிட்டு வேலை வாங்க முடியாத இடத்தில் இருந்தேனே என்ற ஞாபகம் வந்தது.

ஞாபகம் தானாக வரவில்லை. ஒரு ஒல்லாந்துப் பெண்மணி வந்து கிளப்பிவிட்டார். நக்கிள்ஸ் மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் மேல்மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம். கண்டி - மஹியங்கனை வீதியில் வந்து, எங்கள் சந்தியில் இடதுபக்கம் திரும்பினால் லூல்வத்த, கோர்பட்ஸ் கெப் வழியாக மீமுரே போகலாம். போகிறவர்கள் ஒரு இரவு தங்குவார்கள். இந்த அம்மா தங்கினார், போகவில்லை. விடியற்காலையில் முற்றத்தில் இறங்கி அசையாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"அந்தம்மாவுக்கு வயித்து வலியோ என்னமோ, சோடா வாங்கிட்டு வாங்க" என்றாள் வீட்டுக்காரி. சோடாவோடு போனவனிடம் அந்த அம்மா சொன்னார்: "இது சீகோங், சீனப் பயிற்சி. இதோடு நான் கருவியலையும் சேர்த்துச் செய்கிறேன். கருவாக இருந்தபோது உடம்பு எப்படி எப்படி மடிந்து விரிந்ததோ அந்த வழியெல்லாம் உள்ளுக்குள் உணர்ந்துகொண்டே நிற்பேன். நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், விட்டால் போதும், உடம்புக்குத் தெரியும்."

"எதையும் செய்ய வேண்டாம்." இந்த வார்த்தைகளை ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேட்டது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அன்றே சிஷ்யனானேன். சோடாவையும் நானே குடித்தேன்.

செய்முறை எளிது. கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, வயிற்றுக்கு முன்னால் ஒரு பந்தை அணைத்திருப்பதாக எண்ணி, மரமாக நிற்க வேண்டும். பந்து எனக்குச் சரிவரவில்லை, பலாப்பழம் என்று மாற்றிக்கொண்டேன். கவனம் தொப்புளுக்குக் கீழே. கொஞ்ச நேரம் போனால் சீ என்கிற உயிர்விசை கால் வழியாக இறங்குவது தெரியும் என்றார் அந்த அம்மா. எனக்கு முதல்நாளே தெரிந்தது. கெண்டைக்காலில் மெல்லிய ஊர்தல், குளிர்ச்சி, பிறகு ஒரு இதமான கதகதப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. பரவசத்தோடு காற்சட்டையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று அட்டை. மரமாக நின்றவனை மற்ற எல்லோரும் மரம் என்று ஒப்புக்கொண்டார்கள். அட்டை மட்டும் ஏமாறவில்லை. அதற்குப் பிறகு காலுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டுதான் தியானம். வீதியில் போகிற சிங்கள நண்பர்கள் வேலிக்கு மேலாக எட்டி, "மாத்தயா, அசனீபத?" என்று சுகக்கேடு விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மூக்குக்கு எட்டிய தைல வாசனை அப்படி.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் போனகிழமை கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்களுக்கு நான் ஒரு கல்லறையைக் காட்டுவது வழக்கம். சீனாவில் ஹுனான் மாகாணம், சாங்ஷா நகரம், மாவாங்துய் என்ற இடம். கி.மு. 168இல் மூடிய மூன்றாம் கல்லறையை 1973இல் திறந்தார்கள். உள்ளே பட்டுத்துணியில் எழுதிய சுவடிகள். ஒன்றில் பயிற்சிப் படம். ஆணும் பெண்ணும் கிழவரும் இளையவருமாக 44 பேர் ஆளுக்கொரு விதமாக வளைந்தும் நீட்டியும் நிற்கிறார்கள். இன்னொரு சுவடி கருவைப் பற்றியது. நாலாம் மாதம் நீர் சேர்ந்து இரத்தம் ஆகிறது, ஐந்தில் நெருப்பு சேர்ந்து சீ, ஆறில் உலோகம் சேர்ந்து நார், ஏழில் மரம் சேர்ந்து எலும்பு, எட்டில் மண் சேர்ந்து தோல், ஒன்பதில் கல் சேர்ந்து மயிர் என்று ஒழுங்காகப் போகிறது கணக்கு. (என் தலையைப் பார்த்தவர்கள், ஒன்பதாம் மாதம் கல் விநியோகத்தில் தட்டுப்பாடு என்று புரிந்துகொள்வார்கள்.) பயிற்சியும் கருவும் ஒரே பெட்டிக்குள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன. சீகோங் என்ற பெயர் பரவலானது மட்டும் பின்னால்தான். 1950களில் லியூ குய்ஜென் என்பவர் தாங்ஷானிலும் பெய்தாய்ஹேயிலும் சிகிச்சை நிலையம் வைத்து, பழைய மூச்சுப் பயிற்சிகளுக்கெல்லாம் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார்.

சீனர்கள் எங்களுக்கு அந்நியரும் அல்லர். செங் ஹோ தளபதி காலியில் நாட்டிய கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, திகதி 1409. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதியில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைப் பட்டியல்: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். இவ்வளவு தூரம் கப்பலேறி வந்து, தமிழில் எழுத ஆளும் பிடித்து, முழங்கால் வலிக்கு ஒரு வரி எழுதாமல் போனார்களே என்பதுதான் என் வருத்தம்.

வீட்டுக்காரியின் வருத்தம் வேறு வகை. அவள் திருவாசகம் படிக்கிறவள். போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் தாய் வயிற்றுக்குள் முதல் மாதம் எதற்குத் தப்பினேன், இரண்டாம் மாதம் எதற்குத் தப்பினேன் என்று பத்து மாதத்துக்கும் ஆபத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவரு ஒவ்வொரு மாசமாத் தப்பிச்சு வெளிய வந்திருக்காரு. நீங்க என்னன்னா மறுபடி உள்ள போறதுக்குப் பாய் விரிக்கிறீங்க. காரைக்கால் அம்மையார் பிறவாம இருக்கணும்னு கேட்டாங்க. பட்டினத்தார் பேரால இருக்கிற உடற்கூற்று வண்ணம் கருவில ஆரம்பிச்சுச் சுடுகாட்டில முடியுது. நம்ம ஆளுங்க ஒருத்தராவது இன்னொரு தடவை கருவா இருக்கணும்னு கேட்டிருக்காங்களா?"

நியாயமான கேள்வி. எனக்கும் அந்த நேரத்தில் ஒருவர் பெயரும் வாயில் வரவில்லை. வீட்டுக்காரி சொன்னவர்கள் எல்லோரும் கருப்பையை விட்டு ஓடுகிறார்கள். சீனாவின் தாவோ வழிக்காரர்கள் அதைத் தேடி ஓடுகிறார்கள். எதிரெதிராக ஓடும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நான் சித்தாலேபயோடு நிற்கிறேன்.

தாவோ வழியில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: கருமூச்சு. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிவைத்த நூலில் செய்முறை இருக்கிறது. மூச்சை உள்ளே வாங்கி மனத்துக்குள் 120 வரை எண்ணி, வாயால் மெல்ல விட வேண்டும். வெளியே வரும் மூச்சில், மூக்குக்கும் வாய்க்கும் முன்னால் வைத்த காட்டுவாத்துச் சிறகு ஆடக்கூடாது. எண்ணிக்கை ஆயிரத்தை எட்டினால் கிழவன் நாளுக்கு ஒரு நாளாக இளமைக்குத் திரும்புவான். எங்களிடம் காட்டுவாத்து இல்லை. பக்கத்து வீட்டுச் சேவலின் சிறகு கிடைத்தது. இருபது எண்ணுவதற்குள் சிறகு மூக்குக்குள் போய், நான் போட்ட தும்மலில் மேல்மாடியில் தூங்கிய விருந்தாளிகள் மழை இடி என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள். சேவல் அன்று முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு திரிந்தது.

அதே கே ஹோங் தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறார். நன்றாகக் குடித்துவிட்டாலோ கோடை வெயில் கொளுத்தினாலோ அவர் ஆழமான மடுவின் அடியில் போய் இருந்துவிட்டு ஒரு நாள் கழித்துத்தான் வெளியே வருவாராம். கருமூச்சு கைவந்ததால் முடிந்ததாம். எனக்கு அந்தப் பெரியவரின் மேல் மதிப்பு இல்லை. அவருடைய வீட்டாரின் மேல்தான் மதிப்பு. குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காணாமல் போனவர் ஈரத்தோடு வந்து சொன்ன காரணத்தை நம்பி, நூலிலும் ஏற்றி வைத்திருக்கிறார்களே! எங்கள் வீட்டில் தெல்தெனியா பஸ் பிந்திவிட்டது என்று சொன்னாலே மூன்று குறுக்குக் கேள்வி.

இப்படியாக நான் ஓய்வு என்று நினைத்துக் கருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் மகள் குட்டையைக் குழப்பினாள். அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். நான் பாயில் சுருண்டு முழங்காலை மார்போடு சேர்த்துக் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க எந்த வாரத்தில இருக்கிறீங்க?" என்று கேட்டாள்.

வாரமா? நான் பொதுவாகக் கருவாக இருந்தேன். அது செல்லாது என்றாள். கருவுக்கு நாளுக்கு நாள் வேலை அட்டவணை உண்டாம்.

கருத்தரித்த ஆறாம் நாள் சுமாருக்குக் கரு கருப்பைச் சுவரை அரித்துக் குழி பறித்து இறங்குகிறது. யாரும் பாய் விரித்துக் கொடுப்பதில்லை. முதல் வேலையே மண்வெட்டி வேலை. மூன்றாம் வாரம் தட்டையாகக் கிடந்தது நடுவில் ஒரு கோடு போட்டு, மூன்று படையாகப் பிரிகிறது. ஒன்றிலிருந்து தோலும் நரம்பும், ஒன்றிலிருந்து எலும்பும் தசையும் இரத்தமும், ஒன்றிலிருந்து குடலின் உள்பூச்சு. நடுக்கோட்டில் முதுகுநாண் என்ற மெல்லிய தண்டு உருவாகிறது. அதன் மிச்சம்தான் பின்னால் முள்ளந்தண்டுத் தட்டுகளின் நடுவில் கூழாக நிற்கிறது. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் ஐயோ என்று கத்துகிற இடம் எது என்று மகள் விரலை வைத்துக் காட்டினாள். கரு எனக்கு மிகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நான்தான் அதன்மேல் ஐடெக்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. அதன்பிறகு லீவு இல்லை, போயா இல்லை, பென்ஷன் இல்லை. அதைவிட எனக்கு ஆச்சரியம், அந்த இதயம் முதலில் இருந்த இடம். தலை உருவாகும் பக்கத்துக்கும் முன்னால், உச்சிக்கு மேலே. நாலாம் வாரம் கரு மடியும்போது தலை முன்னால் குனிய, இதயம் சுற்றி இறங்கி முகத்துக்குக் கீழே வந்து, பின்னால் மார்புக்கு இறங்குகிறது. ஒல்லாந்து அம்மா மெதுவாகத் தலையைக் குனிந்து கைகளை நெற்றிக்கு மேலிருந்து மார்புக்கு இறக்குவாரே, அது சும்மா ஒரு கும்பிடு என்று நினைத்திருந்தேன். அது இதயத்தின் பயணம். இந்த அசைவை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். முற்றத்தில் பனிக்குள் நின்று அதைச் செய்யும்போது, தொண்டைக்குக் கீழே ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்காருகிறது. அட்டையில்லை, பார்த்துவிட்டேன்.

அந்த அம்மாவின் சரக்கு எங்கிருந்து வந்தது என்றும் பின்னால் தெரிந்தது. ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எரிக் பிளெக்ஷ்மிட் என்ற உடற்கூற்றியலாளர் (1904–1992) கருக்களைச் சீவல் சீவலாக வெட்டி ஆராய்ந்து, மில்லிமீட்டர் கணக்கில் இருந்ததைக் கையால் தொட்டுப் பார்க்கும் பருமனுக்கு மாதிரிகளாகச் செய்துவைத்தார். கரு வளர்வதே ஒரு அசைவு, ஒரு செய்கை என்பது அவர் பார்வை. ஒல்லாந்தில் யாப் வான் டெர் வால் என்பவர் அந்த வழியில் வந்து, கருவின் அசைவுகளைக் கையாலும் உடம்பாலும் செய்துகாட்டிப் பாடம் எடுக்கிறார். ஒரு எச்சரிக்கை: அறுபது வயது உடம்புக்கு நாலாம் வாரம் உண்மையிலேயே நினைவிருக்கிறதா என்றால், அப்போது நினைவு வைக்கிற மூளையே இன்னும் கட்டி முடியவில்லை. நினைவு என்பது அந்த அம்மாவின் ஆசை. அசைவு நல்ல அசைவு, அவ்வளவுதான் என் தீர்ப்பு.

மகள் நிறுத்தவில்லை. மூச்சை வயிற்றுக்கு விடுங்கள் என்கிறார்களே, அந்த வேலையைச் செய்யும் உதரவிதானம் ஆரம்பத்தில் இருப்பது கழுத்துப் பக்கம். அங்கேயே தன் நரம்பை வாங்கிக்கொண்டு, அதையும் இழுத்துக்கொண்டே கீழே இறங்குகிறது. அதனால்தான் இன்றைக்கும் வயிற்று மூச்சுக்குக் கட்டளை கழுத்தின் மூன்றாம், நாலாம், ஐந்தாம் நரம்புகளிலிருந்து போகிறது; உதரவிதானத்துக்கு அடியில் ஏதாவது கோளாறு வந்தால் தோள்பட்டையில் வலிக்கிறது. சிறுநீரகம் இடுப்புக்கூட்டுக்குள் பிறந்து மேலே ஏறுகிறது. ஆண்பிள்ளையின் விதை மேலே பிறந்து கீழே இறங்குகிறது. நாலாம் வாரக் கடைசியில் கைமொட்டு, அதற்குப் பின்னாலேயே கால்மொட்டு. வால் ஒன்று முளைத்து எட்டாம் வாரத்துக்குள் மறைகிறது. முதலில் துடுப்பாக இருந்த கையில் விரலுக்கு நடுவே இருக்கும் செல்கள் தாமாகச் செத்து வழிவிட, பத்து விரல் பிரிகிறது. எட்டு வாரம் முடியும்போது நீளம் சுமார் 3 சென்ரிமீட்டர். உறுப்புகளுக்கெல்லாம் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி வெளியே வந்தாள். "அப்ப மூணு சென்ரிமீட்டர் இருக்கிறது இவ்வளவு வேலை செய்யுது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திருவலகையை என் பாயின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மிஸ் அடுத்த முறை வந்தபோது நான் நரம்புக்குழாய் பற்றிக் கேட்டேன். முதுகுத் தகடு இரண்டு பக்கமும் எழும்பி நடுவில் மூடிக் குழாயாவது 28ஆம் நாள் வாக்கில் முடிந்துவிடும் என்றார். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போது உறுதியாகத் தெரியாது. அதனால்தான் கலியாணம் முடித்த கையோடு ஃபோலிக் அமில வில்லை கொடுக்கிறார்கள்.

"நான் இப்ப நாலாம் வாரத்திலதான் நிக்கிறேன் மிஸ். ஒரு அட்டை வில்லை எனக்கும் குடுத்தா…"

"உங்களுக்கு எது மூட வேணுமோ அது மூடி நிறைய காலம் ஐயா. மூடாதது வாய் மட்டும்தான். அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லை." பிறகு கைப்பெட்டியைத் திறந்து எனக்கு பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு, நிற்பது நல்லது, மூச்சை அடக்குவது மட்டும் வேண்டாம், சேவல் சிறகை எறியுங்கள் என்றார். அதோடு, திரிபோஷ பக்கெட் ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று மகளிடம் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த அந்த மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் பயிற்சிக்குப் பிறகு சாப்பிட எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை நான் அந்த இடத்தில் விளக்கவில்லை.

மகள் இப்போது பின்னேரங்களில் என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். மிஸ் சம்மதித்த அளவுக்கு மட்டும்: மூச்சடக்கம் இல்லை, குனிவது இல்லை, கையை மெல்ல ஏற்றி இறக்குவது. அவளுக்கு அணைத்துக்கொள்ளப் பலாப்பழத்தைக் கற்பனை செய்யும் சிரமம்கூடக் கிடையாது. வேலிக்கு வெளியே நின்று சுகம் விசாரித்த நண்பர் ஒருவர் தம் முழங்காலையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவருக்கு முதல்நாள் கதகதப்பு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. காற்சட்டையைத் தூக்கிப் பார்க்க அவரவருக்குத் தெரிய வேண்டும்.

நேற்று நான் தேங்காய் துருவி முடித்து வந்து பார்த்தால், என் பாயில் வீட்டுக்காரி சுருண்டு படுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. பயந்து போய்க் குனிந்தேன்.

"என்னம்மா, தலைச்சுத்தா?"

"இல்ல. இன்னைக்கு நான் கரு."

"அப்ப நான்?"

"தொப்புள்கொடி."

தொப்புள்கொடியின் கடமை என்ன என்று மகளைப் பார்த்தேன். அவள் வகுப்பறைக் குரலில் சொன்னாள்: ஒரு நாளம், இரண்டு நாடி. நாளம் வழியாகச் சாப்பாடும் ஒட்சிசனும் உள்ளே போக வேண்டும், நாடி வழியாகக் கழிவு வெளியே வர வேண்டும், இரவு பகல் ஓயக்கூடாது.

தேத்தண்ணி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். குடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே வெறும் கோப்பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"சீனி போதுமா?"

"கரு பேசாது" என்றாள். "அடுத்ததுக்கு இஞ்சி தட்டிப் போடுங்க. மேல்மாடி விருந்தாளிக்கும் ரெண்டு. மகளுக்குச் சீனி வேணாம், வியாழக்கிழமை கிளினிக்."